கொல்லையிலிருந்து அடுக்களைக்கு: குடும்பத் தோட்டம் அமைக்கும் முறை

தம் குடும்பத்தின் ஆகாரத்தில் ஒரு பங்கையாவது தம் கையாலேயே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை, கறிகாய் விலை ஏறுகின்ற மழைக்காலந்தோறும் அநேகருடைய உள்ளத்தில் எழுந்து, விலை இறங்கிய தை மாதத்தில் அடங்கிப் போவதைக் காண்கிறோம். அந்த ஆசை அடங்கிப் போகாமல் வருஷம் முழுவதும் அடுக்களைக்குப் பயன்படும் காரியமாக நிலைபெற வேண்டுமென்று கருதும் குடும்பஸ்தருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஐந்து சென்ட் மனையில் வீடு போகக் கொல்லைப்புறத்தில் இரண்டு சென்ட் மண்ணும், கிணறோ குழாயோ ஒன்றும், காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் ஒழிகின்ற இரண்டு பேரும் இருப்பதாக வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லுகிறேன். இதைவிட அதிகம் இருப்பவர்கள் கணக்கைப் பெருக்கிக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். தோட்டம் போட்டுக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்தவர்களே.

எதை விளைவிப்பது, எதை வாங்குவது

அரிசியைப் பற்றிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 35 கிலோ அரிசி செலவாகிறதென்றால் வருஷத்திற்கு 420 கிலோ ஆகிறது; அதற்கு ஏறக்குறைய 640 கிலோ நெல் வேண்டும்; ஏக்கருக்கு இரண்டு டன் விளைகின்ற நன்செயிலே கூட அதற்கு 30 சென்ட்டுக்கு மேல் நடவு செய்தாக வேண்டும். ஆகவே கொல்லை மட்டும் உடையவர் அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் விலைக்கு வாங்குவதே விவேகம். கீரை, காய், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், வாழை, பப்பாளி, முட்டை ஆகியவற்றில் கடையை எதிர்பாராமல் இருப்பதே இரண்டு சென்ட்டுக்குச் சாத்தியமான லட்சியம். அதுவும் ஒரே வருஷத்தில் கைகூடாது. மூன்றாம் வருஷத்தில் கைகூடினால் நன்றாகவே நடந்ததென்று சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் பிறந்து, கிராமக் கைத்தொழில்களுக்காகவும் கிராமப் பொருளாதாரத்திற்காகவும் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஜே. சி. குமரப்பா, ஒரு வட்டாரத்து நிலம் அந்த வட்டாரத்து ஜனங்களின் ஆகாரத்துக்கு வேண்டியதையே முதலில் விளைவிக்க வேண்டும், சந்தைச் சரக்கு அதற்குப் பின்பே என்று இடைவிடாமல் வற்புறுத்தி வந்தார். தேசத்துக்கு அவர் சொன்ன அந்த நியாயம் கொல்லைக்கும் பொருந்தும். எனவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன், ஒரு வாரத்திற்கு உங்கள் அடுக்களைக்கு வந்த காய், கீரை, பழம், முட்டை எல்லாவற்றையும் எடையும் எண்ணிக்கையுமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடிக்கடி வாங்குவது எதுவோ அதையே முதலில் நட வேண்டும். வீட்டில் யாரும் விரும்பி உண்ணாத காயை, விதை இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக நடுவது இடத்துக்கும் நீருக்கும் நஷ்டம்.

தண்ணீர்: எல்லாவற்றுக்கும் முந்தியது

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 435 சதுர அடி. கோடையில் ஒரு சென்ட் காய்கறிப் பயிருக்கு அன்றாடம் 200 லிட்டர், அதாவது பதினைந்து குடம் வரையில் நீர் வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய நீர் எவ்வளவோ, அதைக் கொண்டே பாத்தியின் விஸ்தீரணத்தை நிர்ணயிக்க வேண்டும். ஐப்பசி மழையில் நிரம்பித் ததும்பும் கிணற்றைப் பார்த்து நிர்ணயிப்பது பிழை.

1. அரிசி, பருப்பு, காய் கழுவிய நீரை ஒரு தனித் தொட்டியில் சேர்த்து, அன்றன்றே கீரைக்கும் நாற்றுக்கும் ஊற்றுங்கள்.

2. பாத்திரம் துலக்கிய நீரையும் குளித்த நீரையும், ஜல்லியும் செங்கல் துண்டும் மேலே மணலும் இட்ட ஒரு குழியில் விட்டு, அங்கிருந்து வாய்க்காலாக வாழைக்கும் சேம்புக்கும் தென்னைக்கும் திருப்புங்கள். இந்த நீர் கீரையிலும் பச்சையாக உண்ணும் காயிலும் படக்கூடாது.

3. பாத்திகளின் மேல் சருகையோ வைக்கோலையோ நான்கு விரற்கிடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். வெயிலில் வீணாகும் ஈரத்தை இது பெருமளவு தடுக்கும், களையும் அடங்கும்.

எச்சரிக்கை: மலக்குழியை ஒட்டி உண்ணும் பயிர் எதையும் வைக்கலாகாது. நீர் சேர்க்கும் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி அவசியம். திறந்த தொட்டியிலே கொசு பெருகுவதோடு, தவழும் குழந்தைக்கு ஒரு சாண் ஆழ நீரும் பிராணாபாயம்.

வேலியும் எருவும்

ஆடும் கோழியும் புகக்கூடிய கொல்லையில் விதைப்பது வீண் பிரயாசை. ஆகவே விதைக்கு முன் வேலி. மூங்கில் முள்ளோ, கிளுவைப் போத்தோ, கம்பி வலையோ, எது உங்கள் ஊரில் மலிவோ அதைப் போடுங்கள். அடியில் கோழி நுழையாதபடி ஒரு முழ உயரத்துக்கு நெருக்கமாக அடைப்பது முக்கியம். பிராணிகளைத் தடுக்கும் பொருட்டு வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைச் செலுத்துவது சட்ட விரோதமானது மட்டுமல்ல, உயிரைக் கொல்வது. அந்த எண்ணமே வேண்டாம்.

வேலி முடிந்த அன்றே எருக்குழி வெட்டுங்கள். குழியை ஆடியில் வெட்டி ஆடியிலேயே விதைப்பவருக்கு அந்தப் பட்டத்தில் எருக் கிடைக்காது. சித்திரையில் வெட்டியவருக்குக் கிடைக்கும்.

1. மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், வேண்டிய நீளத்தில், மழைநீர் ஓடிவந்து தேங்காத மேட்டில் குழி எடுங்கள்.

2. அரை அடி சருகு, அதன்மேல் அடுக்களைத் தோலும் பச்சை இலையும், அதன்மேல் சாணக் கரைசல், ஒரு கை மண் என்று மாறி மாறி அடுக்குங்கள். எண்ணெய்ப் பண்டம், மாமிசக் கழிவு, பிளாஸ்டிக் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம்.

3. பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில் வைத்து மாதம் ஒரு முறை புரட்டுங்கள்.

4. மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுத்து உதிர்ந்தால் எரு பக்குவமாயிற்று. சூடும் நாற்றமும் இருந்தால் இன்னும் ஆகவில்லை.

வேகாத சாணத்தை நேரே பாத்தியில் கொட்டுவது புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரியது. வெள்ளைப் புழுவும் கறையானும் அதன் வழியாகவே தோட்டத்துக்குள் வருகின்றன. எருவில் வேலை செய்யும்போது காலில் செருப்பும், கையில் புண் இருந்தால் கையுறையும் இருக்கட்டும்.

முதலில் மரம்

ஒரு முறை நட்டால் பல வருஷம் பலன் தருபவற்றை எல்லாவற்றுக்கும் முன்னால் நட்டுவிட வேண்டும். ஏனெனில் அவை வளரக் காலம் பிடிக்கும், அதுவரை அவற்றின் அடியிலுள்ள இடத்தைக் கீரைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். முருங்கை ஒன்று அல்லது இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி மூன்று, வாழை மூன்று, எலுமிச்சை ஒன்று என்பது இரண்டு சென்ட்டுக்குப் போதும். நிழல் விழும் மரங்களை வடக்கு ஓரத்தில் வையுங்கள். தெற்கே வைத்தால் மார்கழி, தை மாதங்களில் பாத்திகள் நிழலில் மூழ்கிவிடும்.

இவற்றில் முருங்கைக்கே நான் முதலிடம் கொடுப்பேன். இலையும் பூவும் காயும் ஆகாரமாவது ஒரு புறமிருக்க, தண்ணீரில்லாத கோடையில், மற்றெல்லாம் வாடிய பிறகும், அடுக்களையைக் காப்பாற்றுவது அதுவே. மணிக்கட்டுப் பருமனும் நான்கடி நீளமும் உள்ள போத்தை ஆடி, ஆவணியில் ஓரடி ஆழத்தில் ஊன்றி, மேல்நுனியில் சாணம் அப்பி வையுங்கள். அல்லது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 விதையை விதைத்தால் ஆறு, எட்டு மாதத்திற்குள் காய் காணலாம். விதையிலிருந்து வந்த செடி மூன்றடி உயரமானதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனமில்லாமல் கிள்ளாது விட்டவர்களின் மரம் எட்டாத உயரத்தில் காய்த்து நிற்கும்.

எச்சரிக்கை: முருங்கையில் ஏறாதீர்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள்; பச்சைக் கிளையே எடை தாங்காமல் முறியும். துரட்டியால் பறியுங்கள். அந்தத் துரட்டியின் கழி மூங்கிலாக இருக்கட்டும். இரும்புக் குழாயும் அலுமினியக் கழியும் அருகிலுள்ள மின்கம்பியில் பட்டு உயிரைப் பறிக்கும். மின்கம்பியை ஒட்டி மரத்தை நடாமலிருப்பதே மேல். மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் தொட வேண்டாம்.

பப்பாளியைக் குழிக்கு மூன்று நாற்றாக நட்டு, பூத்த பிறகு, காய்க்காத ஆண் செடிகளை நீக்கிவிடுங்கள். தோட்டத்தில் ஒரே ஓர் ஆண் செடி இருந்தால் போதும். அடியில் நீர் தேங்கினால் பப்பாளி சில நாட்களிலேயே அழுகிச் சாயும் என்பதால் அதை மேட்டிலும், நீரை விரும்பும் வாழையைக் குளியலறை வாய்க்காலின் கடைசியிலும் நட வேண்டும்.

பிறகு கீரை

முதன்முதலில் விதைக்கத் துணிகிறவர் கீரையையே விதைக்கட்டும். தக்காளியில் தொடங்குகிறவர்கள் பூச்சியாலும் அழுகலாலும் மனம் சோர்ந்து முதல் பட்டத்தோடு விட்டுவிடுகிறார்கள். கீரையோ ஒரு மாதத்திற்குள் உலையில் ஏறி, வீட்டாருக்கெல்லாம் தோட்டத்தின்மேல் நம்பிக்கையை உண்டாக்கிவிடுகிறது.

1. நடந்து மிதிக்காமல் இருபுறமிருந்தும் கை எட்டும்படி மூன்றடி அகலத்தில், அரை அடி உயர மேட்டுப்பாத்தி அமைத்து, சதுர அடிக்கு ஒரு கை எரு கலந்து கொத்திச் சமன் செய்யுங்கள்.

2. விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, அதன்மேல் சலித்த மண்ணை மெல்லியதாகப் பரப்புங்கள். ஆழத்தில் விழுந்த கீரை விதை முளைக்காது.

3. பூவாளியால் நீர் தெளியுங்கள். குடத்தால் கொட்டினால் விதை ஓரத்துக்கு ஓடிக் கும்பலாக முளைக்கும். எறும்பு விதையைச் சுமந்து போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள்.

4. சிறுகீரையை இருபத்தைந்தாம் நாளுக்கு மேல் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைப் பிடுங்காமல், தரையிலிருந்து இரண்டு விரற்கிடை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

ஒரு பொட்டலம் விதையை ஒரே நாளில் தூவிவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் ஒரு வாரம் கீரை மிஞ்சி வீணாகும். அடுத்த மாதம் கடைக்குப் போக நேரும். பாத்தியை நான்காக வகுத்துப் பத்து நாளுக்கு ஒரு பங்காக விதையுங்கள். பொன்னாங்கண்ணித் தண்டையும் பசலைக்கொடியையும் ஈரமான மூலைகளில் ஊன்றிவிட்டால், விதைப்பு தவறிய காலத்திலும் அவை கைகொடுக்கும். கீரையைப் பறிப்பவருக்கு அந்தக் கீரையின் இலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தானாக முளைக்கின்ற ஊமத்தங்கன்று பாத்தியில் கலந்திருந்தால் அதைச் சிறியதிலேயே களைந்து எறியுங்கள்.

காய்கறிப் பட்டங்கள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஆடிப்பட்டமே பிரதானம். அப்போது வேரூன்றிய செடி வடகிழக்கு மழையைத் தாங்கிப் பயன் பெறும். வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், பீர்க்கு, புடல், சுரை, பூசணி ஆகியவற்றை நேரே விதைக்கலாம். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நட வேண்டியவை. கத்தரி நாற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து நாளும், மிளகாய்க்கு நாற்பது நாளும் ஆகும் என்பதை மனத்தில் வைத்து, ஆனியிலேயே நாற்றங்கால் போட்டுவிடுங்கள். தக்காளி கடும் வெயிலில் பூவை உதிர்த்துவிடும். ஐப்பசிக் கடைசியில் கூரை நிழலில் நாற்றுவிட்டுக் கார்த்திகையில் நட்டால் தை, மாசிக் குளிர்ச்சியில் காய்க்கும். தைப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, வெள்ளரி ஆகியவற்றை நீர்வசதிக்கேற்பச் சிறிதளவு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அவரைப் பந்தல் குடும்பத்துக்கு அவசியம். ஆறடி உயரப் பந்தலின் ஒவ்வொரு காலடியிலும் இரண்டு விதை ஊன்றினால், ஆடியில் விதைத்தது கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரை காய்க்கும். பந்தலின் கீழே சேம்பும் இஞ்சியும் நிழலில் வளரும். ஒரு செடியில் காய் முற்றினால் அடுத்த பூ குறைந்து போகும். ஆகையால் வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாளும் மற்றவற்றைப் பிஞ்சு முற்றுமுன்னும் பறித்துவிடுங்கள்.

பூச்சி கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. கத்தரியின் நுனித் துளிர் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறதென்று பொருள். அந்த நுனியை ஒரு சாண் கிள்ளி எரித்துவிடுங்கள், பாத்தியிலேயே போடாதீர்கள். வெண்டையிலை நரம்பு மஞ்சளித்தால், அது வெள்ளை ஈயால் பரவும் தேமல் நோய், அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. பொதுவான தடுப்புக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமானது: தோல் நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வெயிலிறங்கிய பின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். அன்றன்றைக்குச் செய்ததையே உபயோகிக்க வேண்டும்.

எச்சரிக்கை: கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அது மருந்திட்ட விதை, மிஞ்சியதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது. சுரை, பீர்க்கு, வெள்ளரிக் காய்களைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக உண்ணலாகாது. தோலை நீக்கி, திறந்த பாத்திரத்தில் நிறைய நீர்விட்டு வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும்.

கோழி: வேலிக்கும் பாத்திக்கும் பின்பு

தோட்டம் ஒரு பட்டம் விளைந்து, வேலி உறுதியென்று கண்ட பிறகே கோழி வாங்குங்கள். நாட்டுக்கோழிப் பெட்டை வருஷத்திற்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் இருந்தால், வாரத்திற்கு ஆறேழு முட்டை சராசரியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்தக் காலத்தில் முட்டைக் கணக்குக் குறையும்.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, பூனையும் கீரியும் நுழையாத இடுக்கோடு அமைத்து, பொழுது சாய்ந்ததும் அடைத்துவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோய் ஒரே வாரத்தில் கூண்டை வெறுமையாக்கிவிடக் கூடியது. வந்தபின் வைத்தியம் இல்லை. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் தவறாமல் போட்டுவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த சோளமும் கடலையும் கோழிக்கும் விஷமே. கோழி எருவை அப்படியே செடிக்கு இட்டால் வேர் வெந்துபோகும். அது எருக்குழிக்கே போக வேண்டும்.

மிஞ்சியதைக் காப்பதும் விதை சேர்ப்பதும்

தை, மாசியில் மிஞ்சுவதைச் சித்திரை, வைகாசிக்குக் கொண்டு சேர்ப்பதற்கு நம் வீடுகளில் வழங்கிவரும் வற்றலே சிறந்த உபாயம். கொத்தவரையை உப்புநீரில் அரைவேக்காடாக வேகவைத்து, ஒடித்தால் முறியும்வரை காயவையுங்கள். சுண்டைக்காயைக் கீறி, உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பூஞ்சணம் கண்ட வற்றலைத் துடைத்து உபயோகிக்காமல் எறிந்துவிடுங்கள். காயை வேகவைத்துப் புட்டியில் காற்றுப் புகாமல் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் முறையை வீட்டில் செய்ய வேண்டாம்; உப்பும் புளிப்பும் போதாத அத்தகைய புட்டிக்குள், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கொடிய நஞ்சு உண்டாகக்கூடும். அரிசிக்கும் பருப்புக்கும் வண்டு வராமலிருக்க நன்றாகக் காயவைத்து, வேப்பிலையோ நொச்சியிலையோ உலர்த்திப் போட்டு மூடுங்கள். வண்டு மாத்திரை என்று விற்கப்படும் அலுமினியம் பாஸ்பைடை மனிதர் உறங்கும் வீட்டினுள் எக்காரணத்தைக் கொண்டும் வைக்கலாகாது. அதிலிருந்து எழும் வாயு குடும்பத்தோடு கொன்றுவிடும்.

விதைக்கு, நோயில்லாத நல்ல செடியை முன்னதாகவே தேர்ந்து, ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, அதன் காயை யாரும் பறிக்காமல் முற்றவிடுங்கள். வெண்டையும் அவரையும் செடியிலேயே நெற்றாகட்டும்; கத்தரி மஞ்சளாகப் பழுத்த பின் பிசைந்து கழுவி எடுக்க வேண்டும்; தக்காளி விதையைச் சாற்றோடு ஒருநாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி, பெயரும் மாதமும் எழுதிய புட்டியில் ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் விளையாது. ஆதலால் விதை சேர்க்க நாட்டு ரகங்களையே வளர்க்க வேண்டும். சுரையும் பூசணியும் அயல் மகரந்தத்தால் கலப்பவை என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரே ரகத்தை வையுங்கள்.

உங்களுக்கு வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்கு விதை எடுத்து, ஒரு பாதியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருஷம் மழையாலோ நோயாலோ உங்கள் கொல்லை அழிந்து போனாலும், அந்த விதை அவர்களுடைய கொல்லையில் விளைந்து கொண்டிருக்கும். அடுத்த ஆடிக்கு அங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.